பொரிக்காத முட்டையும் புலியின் மதியச் சாப்பாடும்

ஒரு காட்டில், அங்கே சிங்கம்தானே ராஜா என்று ஆரம்பித்துவிடாதீர்கள், அந்தக் காட்டில் எல்லாரையும் ஆட்டிவைத்தது இருபத்தொன்பது இஞ்ச் டிவி ஒன்று. சுற்றுலா வந்த ஒரு குடும்பம், குரங்குகளிடமிருந்து சப்பாத்தியைக் காப்பாற்றும் அவசரத்தில் அதைக் குளக்கரையில் போட்டுவிட்டு ஓடிப்போனது. சுற்றுலா வருகிறவர்கள் டிவியை ஏன் தூக்கிக்கொண்டு வந்தார்கள்? ஒருநாள்கூடச் சீரியலைத் தவறவிடாத குடும்பம், வேறென்ன. கரண்ட்டுக்கு மின்மினிகள் ஷிப்ட் போட்டு உழைத்தன. இதையே நம்ப முடியவில்லை என்றால் இனி வருவதை எப்படி நம்பப்போகிறீர்கள்?

அந்த டிவியில் தினமும் மதியம் இரண்டு மணிக்கு ‘ஒரே கூட்டு முட்டைகள்’ என்ற தொடர் ஓடியது. ஒன்பது வருஷமாக. நடிப்பது அந்தக் காட்டு ஜனங்கள்தான். எழுதுவது, இயக்குவது, நடிகர்களைத் திட்டுவது எல்லாம் சம்பந்தம் என்ற நரி. கதை இவ்வளவுதான்: மயிலுக்கு ஆந்தை புருஷன். ஆந்தைக்குக் கழுதைப்புலி அம்மா. இந்தப் பொருத்தத்தைப் பார்த்துக் கொடுத்த ஜோசியர் யாரென்று தெரியவில்லை. மயில் ஒரு முட்டை இடுகிறாள். மாமியார் அதை மாற்றிவைத்துவிடுகிறாள். அதைப் பார்த்த ஒரே சாட்சியான வேலைக்காரக் காக்கைக்கு ஞாபகம் போய்விடுகிறது. மீதி மூவாயிரத்துச் சொச்சம் எபிசோடும் காக்கைக்கு ஞாபகம் வந்துவிடுமா என்று எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்ததுதான்.

அந்தக் குளக்கரையில் ஒரு வழக்கம் இருந்தது. இரண்டு மணியிலிருந்து மூன்று மணிவரை யாரும் யாரையும் சாப்பிடுவதில்லை. யாரும் கூடிப் பேசிச் சட்டம் போடவில்லை. உக்கிரபாண்டி என்ற புலி சீரியல் பைத்தியம், அவ்வளவுதான். தொடர் அரைமணி, அதைப்பற்றிப் பேச அரைமணி. அந்த ஒரு மணி நேரமும் அதன் கண் திரையை விட்டு நகராது. அதனால் மான், பன்றி, காட்டெருமைக் கன்று எல்லாம் அந்த நேரத்தில்தான் தண்ணீர் குடிக்க வரும். வேறு நேரத்தில் வந்து பார்த்தவர்கள் எப்படி இருந்தது என்று திரும்பி வந்து சொல்லவில்லை.

சொர்ணவல்லி என்ற முயலுக்கு அங்கே முன்வரிசை இடம். முதல் எபிசோடிலிருந்து பார்க்கிறது. காய்ச்சலோடு பார்த்தது. பிரசவ வலியோடு பார்த்தது. விளம்பர இடைவேளையில் ஏழு குட்டி போட்டுவிட்டு, தொடர் மறுபடி ஆரம்பிப்பதற்குள் வந்து உட்கார்ந்தது. அப்படிப்பட்ட ரசிகைக்கு அந்தத் தொடரில் பிடித்தது என்று ஒன்றுகூடக் கிடையாது.

“பாருங்கண்ணே, இந்த ஆந்தை நடிக்குதா, தூங்குதா?”

“அடக்கி வாசிக்கிறாருக்கா” என்றது புலி, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

“என்னத்த அடக்கி? பொண்டாட்டி மூட்டையைக் கட்டிக்கிட்டுப் போறா, இவன் கொட்டாவி விடறான். இருட்டுல முழிக்கிற ஜென்மத்தைப் பட்டப்பகல்ல நிக்கவெச்சு ஷூட்டிங் எடுத்தா வேற என்ன வரும்?”

“மாமியாரு பரவால்லல்ல?”

“அந்தக் கழுதைப்புலியா? நேத்து எழவு வீட்டுக்குப் போய் மாரடிச்சுக்கிட்டே இஹிஹிஹின்னு சிரிக்குது. பொறப்புல வந்த சிரிப்பு, அதைக் குத்தம் சொல்லல. அதைக் கூப்பிட்டு ஒப்பாரி சீன் குடுத்தான் பாருங்க, அவனைத்தான் சொல்றேன்.”

“மயிலு அறை வாங்கினப்ப நான் தேம்பித் தேம்பி அழுதேன்க்கா.”

“ஒரே அறை. அதை மூணு தடவை காட்டினான். அப்புறம் அதைப் பார்த்த மூஞ்சிகளை ஒண்ணொண்ணாக் காட்டினான். மாமனாரு, நாத்தனாரு, குடத்தோட வந்த ஆமை. அந்த ஆமை வாசல்லேர்ந்து கூடத்துக்கு வர்றதுக்குள்ள வெள்ளிக்கிழமை ஆயிடுச்சு!”

புலி நிழலைப் பார்த்து மணி கணக்குப் போட்டது. “அக்கா, ரெண்டு அம்பத்தெட்டு. நீங்க கிளம்புங்க. மூணுக்கு மேல எனக்கு அக்கா தங்கச்சி தெரியாது.”

முயல் அந்த வாக்கியம் முடிவதற்குள் வளைக்குள் இருக்கும். அப்படித்தான் ஒன்பது வருஷம் ஓடியது.

ஒருநாள் காக்கைக்கு நிஜமாகவே ஞாபகம் வந்தது. காடே மூச்சைப் பிடித்துக்கொண்டது. காக்கை அலகைத் திறந்து, “அம்மா, அந்த முட்டையை மாத்தினது...” என்று ஆரம்பிக்க, அதன் தலையில் ஒரு தேங்காய் விழுந்தது. ஞாபகம் மறுபடி போய்விட்டது. தொடரும்.

“காக்கை உட்கார்ந்திருந்தது வேப்பமரம்!” என்று கத்தியது முயல். “வேப்பமரத்துலேர்ந்து தேங்காய் எப்படிடா விழும்?”

மூன்று மணி ஆவதற்குள்ளேயே அது நரியின் ஆபீசுக்குக் கிளம்பியது. வழியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த மான் ஒன்று, “எங்க சொர்ணம், இவ்வளவு வேகமா?” என்று கேட்டது.

“அந்த நரியைக் கேட்டு இன்னியோட இந்தக் கதைக்கு ஒரு முடிவு கட்டப்போறேன்.”

“முடிவா? அப்ப ரெண்டு மணிக்கு?”

“ரெண்டு மணிக்கு என்ன? நிம்மதியா படுத்துத் தூங்கலாம்.”

மான், எதற்கும் இருக்கட்டும் என்று இன்னும் நாலு வாய் தண்ணீர் குடித்துக்கொண்டது.

நரி ஆபீஸ் வாசலில் ஒரு பெருச்சாளி, மூக்கில் கண்ணாடியோடு. “நேயர் கருத்துப் படிவம், மூணு நகல். புகாரா, பாராட்டா?”

“புகார்.”

“அதுக்கு அந்த வரிசை.”

அந்த வரிசை மலையைச் சுற்றிக்கொண்டு போய், வால் பக்கம் மறுபடி ஆபீஸ் வாசலுக்கே வந்திருந்தது. பாராட்டு வரிசையில் ஈ காக்கை இல்லை. முயல் கொஞ்சம் யோசித்தது. பாராட்டு வரிசையில் நின்று, உடனே உள்ளே போய், புகாரைச் சொன்னது.

“முட்டையை மாத்தி ஒன்பது வருஷம் ஆச்சு. மயில் முட்டை ஒரு மாசத்துல பொரிக்கும். இது இன்னும் முட்டையாவே இருக்கே, கூழாங்கல்லாய்யா அது?”

நரி காதைச் சொறிந்தது. “பொரிச்சா குஞ்சு வரும்மா. குஞ்சு வளரும். வளர வளர வேற வேற நடிகரைத் தேடணும். முட்டைன்னா ஒரு தொந்தரவு இல்ல. வெச்ச இடத்துல இருக்கும். வசனமும் மறக்காது.”

“சரி, அந்த மயிலு புருஷன்கிட்டப் போய், ‘ஏங்க, இது நம்ம முட்டைதானா?’ன்னு ஒரு வார்த்தை கேட்டா என்ன?”

“கேட்டா கதை முடிஞ்சிரும்மா.”

“முடியட்டுமே! நல்லபடியா முடிஞ்சா யாரு அழப்போறா?”

நரி பேனாவைக் கீழே வைத்தது. அதன் கண்ணில் ஈரம் மாதிரி ஏதோ தெரிந்தது. “இத்தனை வருஷத்துல இந்த ரூமுக்கு வந்தவங்க எல்லாரும் மயிலோட மூக்குத்தி எந்தக் கடைன்னுதான் கேட்டாங்க. கதையைப் பத்திக் கேட்ட முதல் ஆள் நீங்கதான். நானும் ஒரு காலத்துல கூத்துக்குப் பாட்டெழுதினவன்தான். இந்தாங்க பேனா. நாளைக்கு எபிசோடு உங்களோடது.”

முயல் எழுதியது. எப்படி எழுதியது என்கிறீர்கள்! மயில் புருஷன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, சத்தமில்லாமல் அந்தக் கேள்வியைக் கேட்டாள். ஆந்தை காட்சியைப் பொழுது சாய்ந்த பிறகு எடுக்கச் சொன்னது முயல். ஆந்தை முதல்முறையாகக் கண்ணை முழுசாகத் திறந்தது. அந்தக் கண்ணில் அவ்வளவு நடிப்பு இருந்தது என்று அதன் சொந்தப் பெண்டாட்டிக்கே தெரியாது. கழுதைப்புலிக்கு வசனமே கொடுக்கவில்லை. தலையைக் குனிந்து நிற்கச் சொல்லிவிட்டது. அது சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தது, பார்த்தவர்களுக்கு அது குற்றவுணர்ச்சியாகத் தெரிந்தது. முட்டை பொரிந்தது. பதினோரே நிமிஷம். திரையில் ‘முற்றும்’ என்று வந்தது.

குளக்கரையே அழுதது. புலி விக்கி விக்கி அழுதது. “அக்கா, இதுவல்லவோ எழுத்து! இதுக்குமேல ஒரு கதை வேணுமா?” என்று முயலின் முன்னங்காலைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டது. முயலுக்கு நாலு காலும் தரையில் பாவவில்லை.

மறுநாள் மதியம் இரண்டு மணி. பழக்கதோஷத்தில் எல்லாரும் வந்திருந்தார்கள். மானும் பன்றியும் தண்ணீரில் வாய் வைத்திருந்தன. முயலின் ஏழு குட்டிகளும் வரிசையாகக் குனிந்திருந்தன. டிவியில் ஒன்றும் இல்லை. வெறும் கறுப்பு.

புலி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தது. “இன்னிக்கு என்னக்கா?”

“இன்னிக்கு ஒண்ணும் இல்லண்ணே. முடிஞ்சுபோச்சுல்ல.”

“நாளைக்கு?”

“நாளைக்கும் இல்ல.”

புலி கறுப்புத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தது. அப்புறம், ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக, இரண்டு மணிக்குத் தலையைத் திருப்பியது.

“அக்கா, இவ்வளவு பேரு தினமும் இங்கயா இருக்காங்க?”

முயல் தன் குட்டிகளை ஓரக்கண்ணால் பார்த்தது.

“என் வயித்துல என்னமோ கடமுடாங்குது. மதியத்துல எனக்குப் பசிக்கும்ங்கறதே மறந்துபோச்சு பாருங்களேன்.” புலியின் பார்வை மானைத் தாண்டி, பன்றியைத் தாண்டி, கரையோரமாக வந்து நின்றது. “அந்தக் கடைசியில நிக்கிற குட்டி யாருதுக்கா? கொழுகொழுன்னு!”

குட்டி தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி தண்ணீர் குடித்தது. இரண்டு மணிக்கு ஓடவேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. புலி எழுந்து ஒரு அடி வைத்தது.

முயல் வாயைத் திறந்தது. நேற்றுப் பதினோரு நிமிஷம் காட்டையே அழவைத்த அந்த வாயில், நல்ல வசனம் ஒன்றுகூட வரவில்லை. வந்தது இதுதான்:

“அண்ணே, நேத்து பார்த்தது கனவு!”

புலி நின்றது. “எது?”

“எல்லாமே. மயிலு அருவியில விழுந்து, ஆஸ்பத்திரில நினைவில்லாம கிடக்கா. கேட்ட மாதிரி, புருஷன் பதில் சொன்ன மாதிரி, அத்தனையும் அவ கண்ட கனா.”

“ஆந்தை முழிச்சுக்கிட்டு இருந்துதே?”

“அண்ணே, அதை வெச்சே கண்டுபிடிச்சிருக்க வேணாமா, அது கனவுன்னு?”

புலி யோசித்தது. அது சரிதான் என்று பட்டது. ஆனாலும் இன்னும் உட்காரவில்லை. “அப்ப முட்டை?”

“முட்டை அப்படியேதான் இருக்கு.” முயல் டிவிப் பக்கம் நகர்ந்தது. “ஆனா அது ஒண்ணு இல்லண்ணே. ரெண்டு.”

“ரெண்டா!” புலி பொத்தென்று உட்கார்ந்தது. “இன்னொண்ணு யாருதுக்கா?”

மணி இரண்டு பத்து. மூன்று மணிக்கு ஐம்பது நிமிஷம் இருந்தது. முயல் டிவியை மறைத்துக்கொண்டு நின்று, தானே நடிக்க ஆரம்பித்தது. ஆந்தையாகக் கொட்டாவி விட்டது. கழுதைப்புலியாக மாரடித்துக்கொண்டு இஹிஹி என்றது. தன் கன்னத்தில் தானே ஓர் அறை அறைந்துகொண்டது, அதையே மூன்று தடவை செய்தது. பிறகு அதைப் பார்த்த ஒவ்வொரு முகத்தையும் காட்டியது. மாமனார். நாத்தனார். ஆமையாக வாசலிலிருந்து கூடத்துக்கு நடக்கவே இருபது நிமிஷம் எடுத்துக்கொண்டது. அவ்வளவு கேவலமான நடிப்பை அந்தக் காடு அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்க்கவில்லை. புலி இமைக்காமல் பார்த்தது. கரையிலிருந்து மான், பன்றி, குட்டிகள் எல்லாம் ஒவ்வொன்றாக நழுவின.

“...அந்த ரெண்டாவது முட்டை யாரோடதுன்னா,” என்று சொல்லி, முயல் அப்படியே கல்லாக நின்றது. “தொடரும்ணே.” வளைக்குள் பாய்ந்தது.

மாலையிலேயே நரியிடம் போய்ப் பேனாவை நிரந்தரமாக வாங்கிக்கொண்டது. அன்றிலிருந்து அந்தத் தொடரை எழுதுவது முயல்தான். நரியே வெட்கப்பட்டு வேண்டாம் என்று வைத்திருந்த கதைகளையெல்லாம் அது கூசாமல் எழுதியது. காக்கைக்கு அடுத்து ஆமைக்கும் ஞாபகம் போனது. மாமியாருக்கு ஓர் இரட்டைப் பிறவி வந்தாள், அவளும் வில்லி. பனைமரம், புளியமரம், ஒருமுறை வெறும் ஆகாயத்திலிருந்துகூடத் தேங்காய் விழுந்தது. போன மாதம் மான்கள் சங்கம் கூடி ஒரு தீர்மானம் போட்டது: கதை இப்போது இருக்கும் இடத்திலிருந்து ஓர் அடி நகர்ந்தாலும் மறியல். முயல் அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறது.

நேற்று தொடர் முடிந்ததும் புலி தொண்டையைக் கனைத்தது.

“அக்கா, சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? கதை இப்பல்லாம் ரொம்ப மோசம்.”

“அப்படியாண்ணே?”

“அன்னிக்குக் கனவுன்னு சொன்னீங்களே, அதை நான் அரை நிமிஷம்கூட நம்பல.”

முயலின் காது இரண்டும் விறைத்தன. “அப்புறம் ஏண்ணே உட்கார்ந்தீங்க?”

புலி பக்கத்தில் கிடந்த சருகைக் காலால் தள்ளிக்கொண்டே சொன்னது: “உங்க குட்டியைத் தின்னுட்டா, மறுநாள் நீங்க என் பக்கத்துல வந்து உட்காருவீங்களா? தனியா உட்கார்ந்து சீரியல் பார்த்திருக்கீங்களா நீங்க? திட்டக்கூடத் துணை இல்லாம? அதுக்குப் பட்டினியே தேவலை.” பிறகு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டது: “அது கிடக்கட்டும். ரெண்டாவது முட்டை யாருதுக்கா? எனக்கு மட்டும் சொல்லுங்களேன்.”

“சத்தியமா எனக்கே தெரியாதுண்ணே” என்றது முயல்.

நீதி: கைதட்டு வாங்க ஆசைப்படுகிறவர்கள் நல்ல கதை எழுதலாம். கடிபடாமல் இருக்க ஆசைப்படுகிறவர்கள் சீரியல்தான் எழுதவேண்டும்.