மேஜருக்குப் பதினொரு பிள்ளைகள்

மைக் முன்னால் நின்று நான் ஒரு மனிதரைக் கொன்றிருக்கிறேன். கொல்லப்பட்டவர் அப்போது முன்வரிசை மேஜையில் உட்கார்ந்து சூப் குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவியும் மகளும் இருந்தார்கள். பத்து வருடமாக இதை எழுதாமல் ஒத்திப்போட்டு வந்தேன். இன்று எழுதிவிடுகிறேன்.

நியூஜெர்சியில் தமிழன் என்றால் கம்ப்யூட்டர்க்காரன். பக்கத்து ஊர் ஐசலினில் மளிகைக் கடை வரிசையில் நிற்கும்போது யாராவது, "எந்த பேங்க்ல சார் கான்ட்ராக்ட்?" என்று கேட்பார்கள். பாலங்களைச் சோதிக்கும் சிவில் இன்ஜினீயர் என்பேன். "ஓ" என்று இரக்கத்தோடு கொத்தமல்லிக் கட்டைப் பார்க்கத் திரும்பிவிடுவார்கள். அந்த வேலையில் நான்கு வருடம் எனக்கு மேலதிகாரியாக இருந்தவர் ஹால்வர். நார்வேக்காரர். அங்கே ராணுவத்தில் மேஜராக இருந்துவிட்டு, அமெரிக்கப் பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கே வந்தவர். ஆறடி மூன்று அங்குலம். பேச்சு மட்டும் மூன்று அங்குலம்.

எங்கள் உரையாடல் ஒன்றை அப்படியே தருகிறேன். காரில் இரண்டு மணி நேரப் பயணம்.

"சார், ராணுவத்தில் என்ன செய்தீர்கள்?"

"பாலம்."

"எப்படிப்பட்ட பாலம் சார்?"

"சின்னப் பாலம்."

(அடுத்த எழுபது மைலுக்கு ரேடியோவில் வானிலை அறிக்கை.)

அவர் ஓய்வு பெறும் நாள் வந்தது. விழாவில் அவருடைய வாழ்க்கையைப் பற்றி யார் பேசுவது என்று அலுவலகத்தில் கேட்டார்கள். எல்லோரும் காலணியைக் குனிந்து பார்த்தார்கள். நான் கையைத் தூக்கினேன். கல்லூரியில் பேச்சுப் போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கியவன். (கலந்துகொண்டவர்கள் மூன்று பேர்.) தவிர, என் இன்ஜினீயர் லைசென்ஸ் விண்ணப்பம் அவர் மேஜையில் கையெழுத்துக்காகக் காத்திருந்தது. பல வருடம் கூட வேலை பார்த்தவர் நற்சான்று தந்தால்தான் அந்த லைசென்ஸ் கிடைக்கும். அது இல்லாவிட்டால் என் வரைபடத்தில் நானே கையெழுத்துப் போட முடியாது. நாலு நல்ல வார்த்தை பேசினால் மனிதர் உருகிவிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

வீட்டுக்கு வந்து அவர் பெயரை இணையத்தில் தேடினேன். கிடைத்தது! ஏதோ ஒரு நார்வே ஊரின் வரலாற்றுப் பக்கம். ராணுவ அதிகாரி, சிவில் இன்ஜினீயர், அதே பெயர், அதே குடும்பப் பெயர். போனில் மொழிபெயர்த்தேன். எழுபதுகளில் ராணுவப் பள்ளி, எண்பதுகளில் மலையைக் குடைந்து ரயில் பாதை. எந்த நூற்றாண்டின் எழுபதுகள் என்று அந்தப் பக்கம் சொல்லவில்லை. நானும் கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு பக்கத்துக்கு அச்செடுத்து, முதல் பக்கத்தைக் கண்ணாடி முன் எட்டுத் தடவை ஒத்திகை பார்த்தேன். இரண்டாவது பக்கமும் இதே மாதிரிதானே இருக்கப்போகிறது என்று விட்டுவிட்டேன்.

என் மனைவி சுபா சமையலறையிலிருந்து கேட்டாள். "என்னங்க, நாற்பது குதிரையில சாமான் ஏத்திட்டுப் போனாருன்னு சொல்றீங்க. எண்பதுகள்ல குதிரையா? மதுராந்தகத்துலயே அப்ப லாரி ஓடிச்சே."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அது மலைப் பிரதேசம்."

"என்னமோ பண்ணுங்க."

ஓர் இத்தாலிய உணவகத்தின் கூடத்தில் விழா. அறுபது பேர் இருந்திருப்பார்கள். சூப் வந்ததும் என்னை அழைத்தார்கள். குதிரைகளை மலையேற்றினேன். கூடம் அசந்துபோனது. ஹால்வர் மட்டும் கரண்டியை வாயருகே நிறுத்தி என்னைப் பார்த்தார். நெகிழ்ந்துவிட்டார் என்று நினைத்துக் குரலை உயர்த்தினேன்.

"சுரங்கத்துக்கு வெடி வைத்தபோது இடது கைச் சுண்டுவிரலை இழந்தார்!"

அறுபது பேரும் அவர் இடது கையைப் பார்த்தார்கள். அந்தக் கை ரொட்டியைப் பிடித்திருந்தது. ஐந்து விரல்களும் இருந்தன. நான்கு வருடத்தில் நான் அவற்றை எண்ணிப் பார்த்ததே இல்லை. அவரும் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

புத்தியுள்ளவன் அங்கேயே மன்னிப்புக் கேட்டு இறங்கியிருப்பான். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லவேளையாக, உடனே ஒட்டவைத்துவிட்டார்கள். நார்வே மருத்துவம் அப்படி!" கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல்தான் என்னைக் கெடுத்தது. இரண்டாம் பக்கத்தைத் திருப்பினேன்.

"இத்தனைக்கும் நடுவில் பதினொரு பிள்ளைகளுக்கு அன்பான தந்தையாக விளங்கினார்."

அவர் மனைவி கரோல் கரண்டியைக் கீழே வைத்தார். அவர்களுக்கு ஒரே மகள். அந்த மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மா அப்பாவைப் பார்த்தார். கடைசி மேஜையில் சுபா தலையில் கைவைத்துக்கொண்டாள். என் வாய் அடுத்த வரிக்குப் போய்விட்டது. என்னால் நிறுத்த முடியவில்லை.

"அவருடைய இறுதி ஊர்வலத்தன்று ஊரில் ஒரு கடைகூடத் திறக்கவில்லை."

பரிமாறுபவர் நடுக்கூடத்தில் தட்டோடு நின்றுவிட்டார். என் காதுக்குள் ரயில் ஓடியது. லைசென்ஸ், வேலை, மானம் மூன்றும் அதில் ஏறிப் போய்க்கொண்டிருந்தன.

ஹால்வர் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். என்னிடமிருந்து மைக்கை வாங்கினார்.

"அது என் கொள்ளுத்தாத்தா" என்றார்.

கூடம் இடிந்து விழுவதுபோல் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை அவர் காத்திருந்தார். பிறகு, நான்கு வருடத்தில் நான் கேட்காத அளவுக்குப் பேசினார்.

"அவருடைய பெயரை எனக்கு வைத்தார்கள். எங்கள் ஊர் ரயில் நிலையத்தில் அவருக்குச் சிலை உண்டு. பள்ளிக்குப் போக ரயிலேறும்போதெல்லாம் சிலையடியில் என் பெயரையே படித்துவிட்டு ஏறுவேன். ராணுவத்தில் பெயரைச் சொன்னால், அவருக்கு நீ என்ன உறவு என்பார்கள். அவர் கட்டியது இன்றும் நிற்கிறது. நான் கட்டியவை தற்காலிகப் பாலங்கள். காலையில் பூட்டுவோம், டாங்கிகள் கடந்ததும் மாலையில் கழற்றிவிடுவோம். பதினாறு வருடம் அதைச் செய்தேன். ஒன்றுகூட இப்போது இல்லை. இந்த ஊருக்கு வந்தபோது என் பெயரை யாராலும் சரியாக உச்சரிக்கக்கூட முடியவில்லை. எனக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?"

பிறகு மகளைப் பார்த்துச் சொன்னார்.

"ஒரு பாலத்தை மட்டும் நான் கழற்றவில்லை. ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு விவசாயி. மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம். பாலம் இல்லாவிட்டால் தேவாலயத்துக்கு முப்பது கிலோமீட்டர் சுற்ற வேண்டும். ஒரு நாள் விட்டுவைக்க முடியுமா என்று கேட்டார். உத்தரவை மீறி விட்டுவைத்தேன். கல்யாண ஊர்வலம் அதன்மேல் பிடில் வாசித்துக்கொண்டு போனது. எனக்கு எழுத்துமூலம் கண்டனம் வந்தது. அந்தக் கடிதத்தை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன்."

"அப்பா, இதை நீங்கள் சொன்னதே இல்லையே" என்றாள் மகள். அவள் கண் கலங்கியிருந்தது.

"இவர் ஒருவர்தான் கேட்டார்" என்று என் தோளில் கைவைத்தார். "நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. பாதித் தப்பு என்னுடையது."

பாதி என்று அவர் சொன்னது பெருந்தன்மை. தொண்ணூற்றொன்பது சதவீதம் என்னுடையதுதான்.

கிளம்பும்போது வாசலில் என்னை நிறுத்தினார். "நான் நிஜமாகவே செத்தால் நீதான் பேச வேண்டும். உனக்கு ஒத்திகை ஆகிவிட்டது."

திங்கட்கிழமை விண்ணப்பம் கையெழுத்தாகி என் மேஜையில் இருந்தது. கருத்து எழுதும் கட்டத்தில் எழுதியிருந்தார்: 'கணக்கில் கெட்டிக்காரர், நேர்மையானவர். வருடங்களை மட்டும் இன்னொருவர் சரிபார்ப்பது நல்லது.' லைசென்ஸ் கிடைத்துவிட்டது.

வாசலில் அவர் சொன்னது விளையாட்டுக்கு இல்லை என்பது மறுவருடம்தான் புரிந்தது. தபாலில் ஓர் உறை வந்தது. உள்ளே அவர் கையெழுத்தில் ஒரே ஒரு தாள். ஒரு குளிர்காலம், ஒரு ஆறு, ஒரு பாலம். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒன்று வருகிறது. எல்லாவற்றையும் ஒரு கோப்பில் போட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு தாளையும் குறைந்தது மூன்று தடவை படித்துவிட்டேன், கடைசி வரி வரைக்கும். அந்தக் கோப்பின் தேவை ரொம்ப நாளைக்கு வரக்கூடாது என்றுதான் வேண்டிக்கொள்கிறேன்.

எங்கள் மகள் நிலாவுக்கு இப்போது பதினான்கு வயது. தமிழ் புரியும், பதில் மட்டும் இங்கிலீஷில் வரும். தபால் பெட்டியில் அந்த உறை வந்துவிட்டால் தெருவிலிருந்தே கத்துவாள்.

"அப்பா! ஹி இஸ் ஸ்டில் அலைவ்!"

எதிர்வீட்டுக் குஜராத்தி ஆன்ட்டி ஒவ்வொரு முறையும் பதறிப்போய் வாசலுக்கு வந்து, "யாருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்கிறார். உள்ளே இருந்து சுபாதான் பதில் சொல்வாள். "ஒண்ணும் ஆகல ஆன்ட்டி. இவர் கொன்னவர் லெட்டர் போட்டிருக்கார்."