மேனேஜரின் உடல்நிலை குறித்து அக்காவுக்கு

அன்புள்ள அக்காவுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே மனிதர்கள் எல்லோரும் நலம். அங்கே நீயும் அத்தானும் மகனும் மருமகளும், புதிதாக வந்து சேர்ந்திருக்கும் குட்டிப் பெண்ணும் நலமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. 'மனிதர்கள்' என்று நான் தனியாகப் பிரித்து எழுதியிருப்பதைப் பார்த்ததுமே நீ எழுந்து நின்றிருப்பாய். உட்கார்ந்து படி.

போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய். போனில் நீ என்னை ஒரு வாக்கியத்தையாவது முடிக்க விட்டிருக்கிறாயா? "அக்கா, மேனேஜருக்கு" என்று நான் ஆரம்பித்தால், "தீனி வெச்சியா, தண்ணி மாத்தினியா, கூண்டுக்கு அடியில மண்ணு போட்டியா" என்று நீ மூன்று கேள்வி கேட்பாய். நான் முதல் கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் குழந்தை அழும், நீ வைத்துவிடுவாய். கடிதம் என்றால் நீ குறுக்கே பேச முடியாது. நாற்பத்தாறு வயதில் இந்தத் தந்திரத்தைக் கண்டுபிடித்திருக்கிறேன்.

விஷயம் இதுதான். மேனேஜர் பிழைக்க மாட்டாள்.

நீ வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு மூன்று கோழிகளை வாங்கி, முப்பது வருஷம் உன்னை ஆட்டிவைத்த பதவிகளையெல்லாம் அவற்றுக்குச் சூட்டி, மேனேஜர், டைப்பிஸ்ட், பியூன் என்று கூப்பிட்டு மகிழ்ந்தபோது நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நீ பேத்தியைப் பார்க்கக் கிளம்பி அவற்றை என்னிடம் விட்டுப்போன பிறகு, அந்தப் பெயர்களால் எனக்கு நேர்ந்திருக்கும் சங்கடங்களைக் கேள். மூன்று வாரத்துக்கு முன் மேனேஜர் முட்டையிடுவதை நிறுத்தினாள். அப்புறம் வயிறு உப்பியது. அப்புறம் பென்குயின் மாதிரி நிமிர்ந்து நடந்தாள், பிறகு நடப்பதையே விட்டுவிட்டாள். உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் நீ அன்று வீடியோவில், "மேனேஜரைக் காட்டு, பாக்கணும் போல இருக்கு" என்றாய். நான் பதறிப் போய் டைப்பிஸ்ட்டைத் தூக்கிக் காட்டிவிட்டேன். இரண்டும் ஒரே பழுப்பு நிறம்தானே. "இளைச்சுட்டாளே, தீனியக் கூட்டு" என்றாய். கூட்டினோம். பன்னிரண்டு நாளாக நீ பார்த்துக் கொஞ்சிக்கொண்டிருப்பது டைப்பிஸ்ட்டைத்தான். அவளால் இப்போது கூண்டின் கதவுக்குள் ஒரே தம்மில் நுழைய முடியவில்லை.

சனிக்கிழமை கால்நடை டாக்டர் வந்தார். முட்டை வெளியே வராமல் வயிற்றுக்குள்ளேயே உடைந்து சீழ் வைத்திருக்கிறதாம். ஊசியால் நீரை எடுத்தார், அரை டம்ளர் வந்தது. மறுநாளே திரும்பவும் கோத்துக்கொள்ளும் என்றார், அதேபோல் கோத்துக்கொண்டது. "இதுக்கு மேல மருந்து குடுக்கறது உங்க ஆறுதலுக்குத்தாம்மா, கோழிக்கு இல்ல. மயக்க ஊசி போட்டு, அப்புறம் இன்னொண்ணு போட்டா தூக்கத்திலயே போயிடும். வலிக்காது. என்ன சொல்றீங்க?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் என் கால்கள் இரண்டடி பின்னால் போய்விட்டன. "இது எங்க அக்காவோட கோழி" என்றேன். "அப்ப அவங்களைக் கேட்டுச் சொல்லுங்க. வியாழக்கிழமை இந்தப் பக்கம் வருவேன். விட்டா திங்கள்தான்." கடிதம் எழுத மூன்று நாள், கூரியர் உன் கைக்கு வர மூன்று நாள் ஆகும் என்று கணக்குப் போட்டு, திங்கள் என்று சொல்லிவிட்டேன்.

அவர் போனதும் வீட்டில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். "நீதானே ஜுவாலஜி படிச்ச?" என்றார் இவர். படித்தேன்தான். பாட்டனியா ஜுவாலஜியா என்று நான் குழம்பி நின்றபோது ஜுவாலஜி என்று முடிவு செய்தவள் நீ. மூன்று வருஷமும் நான் பார்த்த பிராணிகள் எல்லாம் எனக்கு முன்னாலேயே செத்து, ஃபார்மலின் பாட்டிலில் பத்திரமாக இருந்தவை. அதற்கப்புறம் இருபது வருஷமாக நூலகத்தில் புத்தக முதுகில் எண் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இந்தத் தகுதியை வைத்துக்கொண்டு ஒரு மேனேஜரை என்ன செய்ய முடியும்?

இவருக்கு ரோஷம் வந்துவிட்டது. "திங்கள்கிழமை வரைக்கும் அது துடிக்கணுமா? நான் பண்றேன். கழுத்தை ஒரு இழு, ஒரு திருப்பு, அவ்வளவுதான், ஒரு நொடி" என்று வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு, ஈரத் துண்டைச் சுருட்டி வைத்துக்கொண்டு கூடத்தில் பயிற்சி செய்தார். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதே வேலை. "அப்பா, அந்தத் துண்டு செத்து ரெண்டு மணி நேரம் ஆச்சு, விட்டுடுங்க" என்றாள் என் மகள். சாயங்காலம் கையுறை மாட்டிக்கொண்டு கொல்லைப்புறம் போனார். உனக்குத்தான் தெரியுமே, இவர் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார், அடுத்தவர் வண்டி ஓட்டும்போது பிரேக்கை மிதித்தே பழகியவர். மேனேஜரைக் கையில் எடுத்தார், மூச்சை இழுத்துப் பிடித்தார், அந்தச் சமயத்தில் அவருடைய வலது கால் தானாகத் தரையை ஓங்கி மிதித்தது. அப்படியே நின்றுவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து, "அது என்னைப் பாத்துச்சு" என்றார்.

நேற்று நான் கறிக்கடைக்கே போனேன் அக்கா. கூடையில் வைத்து, மேலே துணி போட்டு மூடி, எதையோ திருடிக்கொண்டு போகிறவள் மாதிரி போனேன். கடைக்காரர் காலை பத்து மணிக்குள் நூறு கோழி வெட்டுகிறவர். "விக்கவாம்மா?" என்றார். "இல்லண்ணே, நோவுல கிடக்கு. வலி தெரியாம முடிச்சுக் குடுக்கணும். கறியெல்லாம் வேணாம்." சரியென்று கத்தியைத் துடைத்தார். துணியை விலக்கியதும் அவள் தலையைத் தூக்கப் பார்த்தாள். வாய்ப் பழக்கம், "ஒண்ணுமில்ல மேனேஜர், ஒண்ணுமில்ல" என்று சொல்லிவிட்டேன். அவர் கத்தியைக் கட்டையில் வைத்துவிட்டார்.

"பேர் வெச்சிருக்கீங்களா?"

"அது பேர் இல்லண்ணே, பதவி."

"பதவியோ பட்டமோ, கூப்பிட்டா திரும்புதுல்ல? பேர் வெச்சதை நான் தொடமாட்டேன்மா. எங்கப்பா கடை நடத்தின காலத்துலேர்ந்து அதான் வழக்கம்."

எனக்குப் பின்னால் நின்ற அம்மாள், "பேரே இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்களேன், எனக்கு நேரமாகுது" என்றாள். "அவங்க சொல்லுவாங்க, என் காதுல விழுந்தது விழுந்ததுதானே" என்றார் அவர். ஆனால் விரட்டிவிடவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, இறக்கையைத் தூக்கி, வயிற்றை ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார். "இது ரொம்ப வலியில இருக்கும்மா. யாராவது ஒருத்தர் சட்டுனு முடிவு எடுங்க" என்றார்.

அந்த ஒருத்தர் நீதான் அக்கா. அதனால்தான் இந்தக் கடிதம். படித்து முடித்ததும் போனில் 'சரி' அல்லது 'வேண்டாம்' என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும், திங்கட்கிழமை டாக்டரிடம் அப்படியே சொல்லிவிடுகிறேன். டைப்பிஸ்ட்டைக் காட்டி ஏமாற்றியதற்கு மன்னித்துவிடு. சீக்கிரம் டாக்டரைக் கூப்பிடாததற்கும் மன்னித்துவிடு. ஜன்னலுக்கு என்ன நிறத் திரை போடுவது என்பதுவரை உன்னைக் கேட்டே வாழ்ந்துவிட்டேன், இதை மட்டும் நானாகச் செய்ய எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அத்தானுக்கு என் வணக்கம், மருமகளை உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல். குட்டிக்குச் சித்திப் பாட்டியின் ஆசிகள், இரண்டு கன்னத்துக்கும் சேர்த்து.

உன் சொல்லுக்காகக் காத்திருக்கும்
தங்கை

பின்குறிப்பு: நேற்று சாயங்காலம் ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். இன்று வியாழன். காலையில் தண்ணீர் வைக்கப் போனபோது மேனேஜர் அலகைத் தரையில் ஊன்றிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். கூண்டுக்கு முன்னால் உட்கார்ந்தேன். திங்கட்கிழமை வரை இன்னும் நான்கு நாள். உன் வாயிலிருந்து ஒரு வார்த்தை வருவதற்காக, அதாவது நாளைக்கு என்மேல் பழி வராமல் இருப்பதற்காக, இவள் நான்கு நாள் இப்படிக் கிடக்க வேண்டுமா என்று தோன்றியது. எழுந்து போய் டாக்டருக்குப் போன் போட்டேன். "அக்கா என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். "அக்காவை இன்னும் கேக்கல டாக்டர். நான் சொல்றேன், வாங்க" என்றேன்.

பத்தரைக்கு வந்தார். துண்டில் சுற்றி என் மடியில் வைத்துக்கொண்டேன். முதல் ஊசிக்கு லேசாக நெளிந்தாள், அவ்வளவுதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்தாள். கண்ணைக் கீழிருந்து மேலாக மூடினாள், இத்தனை நாளில் நான் அதைக் கவனித்ததே இல்லை. இரண்டாவது ஊசி அவளுக்குத் தெரியவே இல்லை. "போயிடுச்சும்மா" என்றார் டாக்டர். கனம் மடியில் இருந்ததால் நான் எழுந்திருக்கவில்லை. மருந்து இறங்கிய உடம்பை நாயோ பூனையோ தோண்டிவிடக் கூடாது என்றார். இவர் இடுப்பளவு ஆழத்துக்குக் குழி வெட்டினார்.

ஆகவே மேலே எழுதியிருக்கும் திங்கட்கிழமை இல்லை, நீ போன் பண்ண வேண்டிய அவசியமும் இல்லை. டைப்பிஸ்ட் விஷயத்துக்குக் கேட்ட மன்னிப்பு அப்படியே இருக்கட்டும், இன்று காலை செய்ததற்கு நான் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ வந்ததும் அழுவாய். அழு, நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுகிறேன். ஏன் என்னைக் கேட்கவில்லை என்று மட்டும் கேட்காதே.