ஊட்டுக்காரர் வர்ற நேரம்

"பெரியவரே, பொழுது எறங்கிருச்சு. எங்கூட்டுக்காரரு வர்ற நேரமுங்க. பொறப்படுங்க" என்றாள் வள்ளியாத்தாள்.

ஆத்தப்பன் சோபாவிலிருந்து நிமிர்ந்து பார்த்தார். அந்த சோபா அவர் வாங்கியது. அந்த வீடு அவர் கட்டியது. வர வேண்டிய வீட்டுக்காரரும் அவரேதான்.

"வள்ளி, நாந்தான் உன்ற ஊட்டுக்காரன்."

"வயசுக்குத் தகுந்த பேச்சுப் பேசுங்க."

வள்ளியாத்தாளுக்கு மறதி நோய். பகலெல்லாம் பரவாயில்லை. பொழுது சாய்ந்தால் போதும், கட்டிய புருஷன் வேற்றாள் ஆகிவிடுவார். அவரைக் கண்டாலே அவளுக்குப் பயம். இனிமேல் அவள் பக்கத்திலேயே இருப்பது என்று பனியன் கம்பெனியை மகன் நித்தீஷிடம் விட்டுவிட்டு வந்தவர் ஆத்தப்பன். அவரைத்தான் அவள் தினமும் வெளியே அனுப்பினாள்.

அன்றைக்கும் அவர் வாசற்படியில் உட்கார்ந்து கொசுக்கடி வாங்கினார். வள்ளியாத்தாள் கண்ணயர்ந்த பிறகு, அவளைப் பார்த்துக்கொள்ளும் பூங்குழலி வந்து கதவைத் திறந்தாள்.

மறுநாள் அவர் ஆதாரத்தோடு இறங்கினார். சுவரிலிருந்த கல்யாணப் போட்டோவைக் கழற்றி மனைவியிடம் நீட்டினார்.

"இது யாரு?"

வள்ளியாத்தாளுக்கு வெட்கம் வந்துவிட்டது. "எங்கூட்டுக்காரருங்க."

"இப்ப என்ற மூஞ்சியப் பாரு."

அவள் போட்டோவையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. சட்டென்று எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"மாமாங்களா! அடையாளமே தெரியலீங்க. மன்னிச்சுக்கோணும்."

ஆத்தப்பன் தன் அப்பாவாகவே ஆகிவிட்டார். மாமனார் எதிரே மருமகள் உட்காருவாளா? முட்டிவலியோடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளாவது உட்காரட்டும் என்று அவரே எழுந்து வாசற்படிக்குப் போனார்.

"போட்டோவுல மீசை கருகருன்னு இருக்குதுங்கய்யா. அதான் கொழப்பம்" என்றாள் பூங்குழலி.

அதுவும் நியாயம்தான் என்று ஆத்தப்பன் சலூனுக்குப் போனார். சலூன்காரர் உற்சாகத்தில் மீசையோடு புருவத்துக்கும் சேர்த்து டை அடித்துவிட்டார். சாயங்காலம் சட்டையை இன் பண்ணிக்கொண்டு மாப்பிள்ளைக் கோலத்தில் வீட்டுக்குள் நுழைந்தார்.

"பூங்குழலி, அந்தச் சீமாத்த எடு! ஊட்டுல ஆம்பள இல்லாத நேரமாப் பாத்து எவனோ மீசைக்கு மையப் பூசிட்டு வந்து நிக்கறான்!"

நேற்றுவரை கிடைத்த 'ங்க'வும் போய்விட்டது. முதுகில் விளக்குமாற்றால் ஓர் அடியும் விழுந்தது.

நடந்ததைக் கேட்ட டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார். "மறுத்துப் பேசாதீங்க. அவங்க போற வழியிலயே போங்க. மொகம் தெரியாட்டியும் கொரல் தெரியலாம்."

ஆத்தப்பன் மீசையை மழித்தார். தலையில் துண்டைக் கட்டினார். பொழுது சாயும்போது காருக்குள் உட்கார்ந்துகொண்டு வீட்டுக்குப் போன் போட்டார். பூங்குழலி போனை வள்ளியாத்தாளின் காதில் வைத்தாள்.

"வள்ளி, நாந்தான். லாரி வந்துருச்சு. லோடு ஏத்தி உட்டுட்டு வர நேரமாகும்."

"அது தெரிஞ்சதுதானுங்க."

ஆத்தப்பனுக்குக் கண் கலங்கியது. அவளுக்கு அவரைத் தெரிந்துவிட்டது.

"நம்மூட்டுக்கு ஒரு பெரியவரு வருவாரு. தூரத்துச் சொந்தம். உள்ள உக்காரச் சொல்லிச் சோறு போடு."

"செரிங்க."

கதவு திறந்தது. வள்ளியாத்தாள் பயமில்லாமல் வரவேற்றாள். அரிசிம்பருப்புச் சோற்றில் நெய்யை ஊற்றினாள். பெரியவர், "நெம்ப நல்லாருக்குதும்மா" என்றார்.

"எங்கூட்டுக்காரரு ஒரு நாளும் இப்படிச் சொன்னதில்லீங்க" என்றாள் அவள். "தங்கமான மனுசன். ஆனா லாரி வந்துருச்சுன்னு ஓடிருவாரு. ஒருக்காச் சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போனாருங்க. பாதியில நூல் லாரி வந்துருச்சுன்னு என்னையும் கெளப்பிக் கூட்டிட்டு வந்துட்டாரு. மிச்சக் கதை இன்னிக்கு வரைக்கும் தெரியாதுங்க."

ஆத்தப்பன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே வைத்தார். அந்த மிச்சக் கதை அவருக்கும் தெரியாது. இருந்தாலும் சொன்னார். கதாநாயகியைக் கிணற்றிலிருந்து காப்பாற்றினார், வில்லனைத் தோட்டத்து நாயை விட்டுத் துரத்தினார். வள்ளியாத்தாள் வயிறு குலுங்கச் சிரித்தாள்.

அதன்பின் தினமும் காரிலிருந்து போன், பிறகு பெரியவர், பிறகு மிச்சக் கதை. பெரியவர் வரும் நேரம் மட்டும் அவளுக்குப் பழகிவிட்டது; முந்தின நாள் கேட்ட கதை நினைவிருக்காது. என்ன சொன்னோம் என்பது அவருக்கும் நினைவிருக்காது. அதனால் கதாநாயகி தினம் ஒரு கிணற்றில் விழுந்தாள்.

பூங்குழலிக்கு எல்லாம் சரியாகிவிட்டதாகத்தான் தோன்றியது. ஆனால் ஆத்தப்பனுக்கு ஒரு புது வியாதி வந்திருந்தது. பொறாமை.

"எவனோ ஒரு பெரியவரப் பாத்து இந்தச் சிரிப்புச் சிரிக்கறா, அம்மணி. என்னைப் பாத்து ஒரு நாளாச்சும் இப்படிச் சிரிச்சிருப்பாளா?"

"அந்தப் பெரியவரும் நீங்கதானுங்கய்யா."

"அது எனக்குத் தெரியுது. அவளுக்குத் தெரியோணுமில்ல? ஒரே ஒரு நாள், அவ புருசனா அந்தக் கதவுக்குள்ள போகோணும்."

அன்று சாயங்காலம் துண்டை அவிழ்த்து வைத்தார். வெள்ளைச் சட்டை போட்டார். காரிலிருந்து போன் போட்டார்.

"வள்ளி, நாந்தான். இன்னிக்கு லாரி கீரி ஒண்ணுமில்ல. இப்பவே வர்றேன். ரெடியா இரு, சினிமாவுக்குப் போலாம்."

"அப்படீங்களா?" என்று மட்டும் கேட்டுவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள்.

சந்தோஷத்தில் வாயடைத்துப் போயிருப்பாள் என்று ஆத்தப்பன் நினைத்தார். மல்லிகைப்பூப் பொட்டலத்தோடு படியேறிக் கதவைத் தள்ளினார். கதவு அசையவில்லை. உள்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

பூங்குழலி ஜன்னலோரம் வந்து, உள்ளே ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டு, மெல்லச் சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்கய்யா, அம்மாதான் தாப்பாப் போட்டாங்க. 'அவரு வந்தா, கம்பெனில லாரி வந்துருச்சுன்னு சொல்லித் திருப்பி அனுப்பிரு. பெரியவரு மிச்சக் கதை சொல்ல வர்ற நேரம்'னுட்டாங்க."