பிடிஎஃப் அண்ணே துரத்திய கட்டுரை

முனைவர் பட்டம் வாங்கிய அத்தனை பேரையும் கழிப்பறைக்குள் ஒளிய வைத்த பெருமை, மலேசியாவின் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே ஒருவருக்குத்தான் உண்டு. அவர் எங்கள் பல்கலைக்கழக நூலகத்தின் பிடிஎஃப் அண்ணே. சொந்தப் பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும் தெரியும்.

நாங்கள் எழுதும் ஆய்வுக் கட்டுரைகளை வாங்கிப் பல்கலைக்கழகத்தின் இணையக் களஞ்சியத்தில் ஏற்றுவது அவர் வேலை. ஏறிவிட்டால் யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம். எங்களுக்கோ வெளிநாட்டுச் சஞ்சிகையில் பெயர் வந்ததோடு அந்தக் கட்டுரை மேல் ஆசை தீர்ந்துவிடும். அவர் கேட்டு வந்தால் கழிப்பறைதான் கதி.

"சார், மேரு பட்டணத்துத் தூசியப் பத்தின உங்க பேப்பர் இன்னும் வரல லா."

"அதான் ஜர்னல்ல வந்துடுச்சே அண்ணே."

"அவங்க அச்சடிச்சத நாம போட்டா கேஸ் போடுவாங்க. நீங்க கடைசியா திருத்தி அனுப்புனீங்க பாருங்க, அந்த ஃபைல குடுங்க."

"இதனால நமக்கு என்ன லாபம்?" என்று டீன் ஒருநாள் கேட்டுவிட்டார். அண்ணே அசரவில்லை. "சார், மூணாவது மாடியில ஒருத்தர் கிள்ளான் ஆத்துத் தண்ணிய அளக்குறாரு. அஞ்சாவது மாடியில இன்னொருத்தர் அதே தண்ணிய அளக்குறாரு. ரெண்டு பேரும் ஒரே லிஃப்ட்லதான் போறாங்க."

பிரிக்பீல்ட்ஸில் நடந்த என் கல்யாண விருந்துக்குத் தடித்த உறையோடு வந்தார். என் மனைவி பூரித்துப் போனாள். பிரித்தால், ஐம்பது வெள்ளி நோட்டோடு களஞ்சியத்தின் ஒப்புதல் படிவம்! கையெழுத்து போடவேண்டிய இடத்தில் மஞ்சள் துண்டுச் சீட்டு வேறு. ஆளை விட்டால் போதும் என்று கையெழுத்து போட்டு, ஃபைலையும் பென் டிரைவில் கொடுத்தேன். அப்புறம் மின்னஞ்சலில் 'தொல்லை' என்று ஒரு ஃபோல்டர் திறந்து, அவர் அனுப்புவதெல்லாம் அதிலே விழும்படி செய்துவிட்டேன்.

இரண்டு வருடம் நிம்மதி. பிறகு மேருவிலிருந்து ரீத்தா ஆன்டி கூப்பிட்டார். தொழிற்சாலைகளுக்குப் பக்கத்து வீடு அவருடையது. துணி காயும் கம்பி ஓரமாக என் தூசி அளக்கும் கருவியை ஒரு வருடம் தொங்கவிட்டவர். பேத்திக்கு ஓயாத மூச்சிரைப்பு.

"தம்பி, நாளைக்கு நகராண்மைக் கழகத்துல மீட்டிங். தூசிக்கு ஆதாரம் எங்கன்னு கேக்குறாங்க. நீங்க எழுதுனத அனுப்புங்க லா."

சஞ்சிகையின் தளத்தைத் திறந்தேன். என் கட்டுரையைப் படிக்க என்னிடமே காசு கேட்டது. கட்டினாலும் அச்சடித்து நாலு பேருக்குக் கொடுக்கக்கூடாதாம். அப்படியொரு ஒப்பந்தத்தில் படிக்காமலே கையெழுத்து போட்டவன் நான்தான். ஃபைல் இருந்த பழைய மடிக்கணினியோ எப்போதோ செத்துப்போயிருந்தது. நூலகத்துக்கு ஓடினேன்.

"அண்ணே, மானம் போவுது! என் மேரு பேப்பர் இருக்கா?"

அவர் நிதானமாகத் தே தாரிக் தேநீரை உறிஞ்சினார். "ஒரு வருஷம் மூடி வைக்கணும்னு ஜர்னல் ரூல் சார். முடிஞ்ச அன்னைக்கே திறந்துட்டேன். மெயில் போட்டேனே, பாக்கலயா?"

'தொல்லை'யைத் திறந்தேன். முப்பத்தேழு மின்னஞ்சல்கள். அதில் ஒன்று: 'சார், உங்கள் கட்டுரை இனி எல்லாரும் படிக்கலாம். நன்றியுரையில் ரீத்தா ஆன்டி என்று ஒருவர் பெயர் பார்த்தேன். அவர்களுக்கும் புரிய வேண்டுமே என்று தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் எழுதிச் சேர்த்திருக்கிறேன். தப்பிருந்தால் சொல்லவும்.'

ஒரு தப்பும் இல்லை. எனக்குத்தான் அவர் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

மறுநாள் மாலை ஆன்டி மறுபடியும் கூப்பிட்டார். "எல்லாருக்கும் ஒரு காப்பி குடுத்தேன் தம்பி. கழகத்துக்காரங்களே வந்து தூசிய அளக்குறாங்களாம்! நீங்க இவ்ளோ நல்லா தமிழ் எழுதுவீங்கன்னு தெரியாது லா."

"நான் எழுதல ஆன்டி. எங்க அண்ணே எழுதுனது" என்றேன்.

போன வருடம் அண்ணே ஓய்வு பெற்றுவிட்டார். இப்போதெல்லாம் கட்டுரை முடிந்ததும் நானே முதல் வேலையாக நூலகத்துக்கு அனுப்பிவிடுகிறேன். ஆனாலும் கழிப்பறையிலிருந்து வெளியே வரும்போது, பழக்க தோஷம், இரண்டு பக்கமும் எட்டிப் பார்க்கிறேன். நடைவழியில் யாரும் இல்லை.

நீங்க நின்னுட்டு இருந்திருக்கலாம் அண்ணே.