வேப்பமரத்தில் மாட்டிய பட்டாளத்துக்காரர்

முறை தெரிந்தவன் என்று பேர் எடுக்கக் கூடாது. அப்புறம் நல்லது கெட்டது எல்லாவற்றுக்கும் நம்மைத்தான் கூப்பிடுவார்கள். நான் படித்தது எட்டாவது வரைதான். ஆனால் சாவு வீட்டு முறையெல்லாம் அத்துப்படி. அதுதான் என்னைக் கவிழ்த்தது.

புனேவில் டாக்ஸி ஓட்டுகிறேன். வீடு கோந்த்வாவில், மூன்றாவது மாடி. மாமியார் எங்களோடுதான் இருக்கிறார். அவர் அம்மா வயிற்றில் இருக்கும்போதே அவருடைய அப்பா வெள்ளைக்காரன் பட்டாளத்தில் இத்தாலிக்குப் போனார். சண்டை முடிந்ததும் மிச்சம் இருந்தவர்களைக் கப்பலில் கொண்டுவந்து பம்பாயில் இறக்கினார்கள். வேலூர்ப் பக்கத்து ஆட்கள் ரயிலேறி ஊர் வந்து சேர்ந்தார்கள். இவர் வரவில்லை. அங்கேயே புதைத்துக் கல் நட்டுவிட்டார்கள்.

போன வருடம், மகர்பட்டாவில் என் மகளோடு வேலை பார்க்கிற பெண் ஆபீஸ் விஷயமாக இத்தாலி போனாள். அந்தக் கல்லடியில் ஒரு பிடி மண் கேட்டோம். தாராள மனசு. ஒரு துணிப்பை நிறையக் கொண்டுவந்தாள்.

"மாப்ளை, அப்பாவ நீங்கதான் போய்க் கூட்டிட்டு வரணும்," என்றார் மாமியார். "நான் அவரு மொகத்தப் பாத்ததே இல்ல."

காலை ஒன்பதுக்கு லோஹேகாவ் ஏர்போர்ட்டில் பையை வாங்கினேன். முன் சீட்டில் வைத்து பெல்ட் போட்டேன். (சிரிக்காதீர்கள். பட்டாளத்துக்காரர். மரியாதை வேண்டாமா?) வழியெல்லாம் டிராபிக். அவரோடு ஒன்றும் பேசவில்லை. சவாரியிடம் நான் பேசுவதில்லை.

பில்டிங் கேட்டுக்கு வந்ததும் முறை ஞாபகம் வந்தது. அஸ்தியை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது. வெளியே மரத்தில் கட்டிவிட்டு, ஆற்றில் கரைக்கும்போதுதான் எடுக்க வேண்டும். இந்த மண்ணும் அஸ்தி மாதிரிதானே? வேப்பமரக் கிளையில் பையை மாட்டினேன். கும்பிட்டேன். கை கால் கழுவிக்கொண்டு மேலே போனேன்.

வாசலில் மாமியார். பட்டுப்புடவை. கையில் ஆரத்தித் தட்டு.

"அப்பா எங்க?"

"கீழ இருக்காரு."

"கீழன்னா?"

"மரத்துல."

என் மனைவி தலையில் கை வைத்தாள்.

"எண்பது வருஷம் கழிச்சு வீட்டுக்கு வர்ற மனுஷன மரத்துலயா தொங்க விட்டீங்க?" என்றார் மாமியார்.

"முறைங்க அத்தை."

"மொறையாவது மண்ணாங்கட்டியாவது! கூட்டிட்டு வாங்க!"

ஓடினேன். கிளையில் பை இருந்தது. காலி. பக்கத்தில் மராத்திக்காரத் தோட்டக்காரர் மண்வெட்டி கழுவிக்கொண்டிருந்தார்.

"மாத்தி சாங்லி ஹோதி," என்றார். நல்ல மண்ணாம். யாரோ செடிக்குத்தான் வைத்திருக்கிறார்கள் என்று, எருவோடு கலந்து, கேட் ஓரத்துச் செம்பருத்தித் தொட்டி பதினொன்றுக்கும் பங்கு போட்டுவிட்டார்.

மேலே போய் ஒரே வரியில் சொன்னேன். மாமியார் அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. தட்டில் இன்னும் கொஞ்சம் கற்பூரம் எடுத்து வைத்தார்.

"பதினொண்ணையும் தூக்கிட்டு வாங்க."

லிப்ட் அன்றைக்குப் பார்த்து ரிப்பேர். மூன்று மாடி, பதினொரு நடை. ஒவ்வொரு தொட்டிக்கும் வாசலில் ஆரத்தி, விளிம்பில் பொட்டு. ஏழாவதில் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"எங்கம்மா எத்தன தடவ ரயிலடிக்குப் போய் நின்னிருப்பா," என்றார் மாமியார். "உங்களுக்கு மாடிப்படி சலிச்சுப் போச்சா?"

எழுந்தேன்.

"பால்கனியில வரிசையா வைங்க. பட்டாளத்துக்காரரு."

வைத்தேன். ஆற்றில் எப்போது கரைப்பது என்று கேட்டேன். (முறை விடவில்லை.)

"இப்பதான் வந்திருக்காரு. எங்கயும் அனுப்ப வேணாம்."

பில்டிங் கேட்டுக்குப் புதிதாகப் பதினொரு தொட்டி வாங்கி வைத்தேன். பால்கனித் தொட்டிகளுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவது என் வேலை.

போன மாதம் மச்சினன் சென்னையிலிருந்து வந்தான். கேட்டிலிருந்து போன் பண்ணினான்.

"மாமா, மேல வரலாமா, இல்ல மரத்துலயே தொங்கட்டுமா?"

எனக்குப் பின்னால் மாமியார் சிரிக்கிற சத்தம். வரச் சொன்னேன்.