மாட்டின் ஒப்புதல்

செம்மதி நாட்டில் பொய் சொல்வது குற்றம். அதைவிடப் பெரிய குற்றம், அரச ஆய்விதழில் அச்சாகாத உண்மையைச் சொல்வது. மழை கொட்டினால்கூட, ‘பெய்தது’ என்று இதழில் வரும்வரை மக்கள் நனையாதவர்கள் போலவே நடந்துகொள்வார்கள். சும்மா சொல்லக் கூடாது, அப்படியொரு ஒழுக்கமான ஜனங்கள்.

அந்த நாட்டு மந்திரி அகிலகீர்த்தி, கடல் கடந்து போனபோது வெள்ளிப்புல் என்றொரு தீவனத்தைக் கொண்டுவந்தார். அரண்மனைத் தொழுவம் தவிர மற்ற எல்லா மாடுகளும் இனி அதைத்தான் தின்ன வேண்டும் என்று உத்தரவாயிற்று. மேய்ச்சல் நிலத்துக்கு வேலி போட்டுக் காவலும் வைத்தார்கள். பழைய புல்லுக்கு என்ன குறை என்று கேட்டவர்களுக்குப் பதில் தயாராக இருந்தது. அது நல்லது என்று இதழில் இதுவரை யாரும் எழுதியதில்லை. ஆகவே அது நிரூபிக்கப்படாத புல்.

வெள்ளிப்புல் தின்ற மாடுகள் வயிறு ஊதிச் சரிந்தன. கரட்டுப்பட்டி ஒச்சம்மாவிடம் ஆறு மாடுகள் இருந்தன. ஒரே மாதத்தில் நான்கு போயின. மிச்சம் இரண்டில் ஒன்று சினை. காவலுக்குத் தெரியாமல் தன் வீட்டுக் கூரை வைக்கோலைப் பிடுங்கிப் போட்டு அவற்றைக் காப்பாற்றி வந்தாள்.

கால்நடை மருத்துவர் குமுதவல்லி ஊர் ஊராக நடந்து, அந்தப் புல்லைத் தின்ற நூறு மாடுகளை ஆராய்ந்தார். அறுபத்து மூன்று செத்திருந்தன. அப்படியே எழுதி இதழுக்கு அனுப்பினார். அச்சில் வந்துவிட்டால் வேலியைப் பிரித்தே ஆக வேண்டும். ஒச்சம்மாவின் இரண்டும் பிழைத்துக்கொள்ளும்.

ஆனால் இதழின் புனிதத்தைக் காக்க நெறிக்காவல் பேரவை என்று ஒன்று இருந்தது. அதன் தலைவர் தருமநாயகம் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு தொண்டையைச் செருமினார்.

“அம்மணி, உதவியவர் பெயரை மறைப்பது அறிவுத் திருட்டு. இந்த ஆய்வுக்குப் புல் தந்து உதவியவர் யார்?”

“மந்திரிதாங்க.”

“எனில், முதல் கட்டுரையாளர் அவரே.”

அடுத்து, யாரென்று தெரியாத அறிஞர் ஒருவர் கட்டுரையை மதிப்பிட வேண்டும் என்றார்கள். அறிஞர் முகத்தில் துணி கட்டிக்கொண்டு வந்தார். ‘மந்திரியின் மைத்துனர் எழுதிய பதினொரு நூல்களையும் மேற்கோள் காட்டுக’ என்று எழுதிக் கொடுத்துவிட்டு, மந்திரியின் வண்டியிலேயே ஏறிப் போனார். அவர் யாரென்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

“ஆய்வுக்கு உட்பட்டோரின் ஒப்புதல் எங்கே?” என்றார் தருமநாயகம் மறுபடி.

“ஐயா, எல்லாம் மாடுங்க!”

“மாடு என்றால் மட்டமா, அம்மணி? உயிர் இல்லையா?”

குமுதவல்லி மைக்கூட்டோடு மறுபடி ஊர் ஊராகப் போனார். குளம்பை மையில் தோய்த்து ஒப்புதல் தாளில் பதித்தார். இரண்டு உதை வாங்கிக்கொண்டு முப்பத்தேழு தாள்களோடு திரும்பி வந்தார்.

“மீதி அறுபத்து மூன்று?”

“அதுங்கதான் செத்துப்போச்சுங்களே.”

“ஒப்புதல் தராதவர்களின் சொந்த விஷயத்தில் மூக்கை நுழைப்பதா? சிவ சிவா! அவற்றை நீக்குங்கள்.”

நீக்கினார்கள். முடிவுரையைப் பேரவையே அழகாகத் திருத்திக் கொடுத்தது: ‘வெள்ளிப்புல் தின்று ஒப்புதலும் தந்த முப்பத்தேழு மாடுகளில் ஒன்றுகூட இறக்கவில்லை.’ படித்துவிட்டுத் தருமநாயகம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். குமுதவல்லியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

அவர் கொதித்துப்போய் ஒச்சம்மாவிடம் வந்தார். “போட மாட்டேன் ஒச்சம்மா! கிழிச்சு அவங்க மூஞ்சியிலயே எறிஞ்சுட்டு வரப்போறேன்.”

“எறிஞ்சா ஆச்சா? கூரையில இன்னும் நாலு நாளைக்குத்தேன் வைக்கோல் கெடக்கு. ஏந்தாயி, இது அச்சுல வந்துச்சுன்னா மந்திரி என்ன செய்வாரு?”

“பெருமையடிச்சுக்குவார்.”

“எங்க போயி அடிப்பாரு? ராசாகிட்டதான? மொத வண்டிப் புல்லு அரமனைத் தொழுவத்துக்குப் போகுதா இல்லையான்னு மட்டும் பாரு.”

“ஐயோ, அதுவும் வாயில்லா ஜீவன்தானே!”

“அதுக்குத்தேன் நீ இருக்கியே. அங்கனயே போயி நில்லு. விழுந்ததும் வைத்தியம் பாரு. எம்மாடு விழுந்தப்ப நீ ஊர் ஊராப் போயி செத்தத எண்ணிக்கிட்டு இருந்த.”

குமுதவல்லிக்குச் சுருக்கென்றது. முடிவுரை வாக்கியம் என்னவோ உண்மைதான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

இதழ் வெளிவந்த அன்றே வண்டி அரண்மனைக்குப் போயிற்று. மறுநாள் காலை மன்னரின் செல்லப் பசு வயிறு ஊதிப் படுத்துவிட்டது. வாசலிலேயே காத்திருந்த குமுதவல்லி ஓடிப்போய் எண்ணெய் புகட்டி, வயிற்றை நீவிவிட்டார். மத்தியானத்துக்குள் பசு எழுந்து நின்றது. ஆனால் மன்னருக்கு அன்று வெண்ணெய் இல்லை.

“இந்தப் புல்லைப் புகழ்ந்து எழுதிய மடையன் யார்?”

முதல் பெயர் மந்திரியுடையது. அவர் தடாலென்று காலில் விழுந்தார். “மன்னா, அந்தக் கட்டுரையை நான் படித்ததே இல்லை!”

பதவிக்கு வந்த நாளிலிருந்து அவர் சொன்ன முதல் உண்மை அது.

படிக்காதவர் பெயரைப் போடுவது நெறி ஆகாது என்று தருமநாயகம் உடனே கண்டுபிடித்தார். கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றது எதுவோ அதற்கு நேர்மாறானதே உண்மை என்பது செம்மதி நாட்டுச் சட்டம். ஆகவே வெள்ளிப்புல் விஷம் என்று ஆயிற்று. அன்று மாலையே வேலியைப் பிரித்தார்கள். ஒச்சம்மா தன் இரண்டு மாடுகளையும் உள்ளே விட்டுவிட்டு, அவை மேய்வதைப் பார்த்து ஓவென்று அழுதாள், அழுதுகொண்டே சிரித்தாள். நெறி தவறியதற்காகக் குமுதவல்லி மூன்று வருஷம் கட்டுரை எழுதக் கூடாது என்று பேரவை தண்டித்தது. அப்பாடா என்று அவர் மாடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

இப்போதெல்லாம் இதழ் வந்ததும் கரட்டுப்பட்டியில் நேரே கடைசிப் பக்கத்தைத்தான் புரட்டுகிறார்கள். திரும்பப் பெற்ற கட்டுரைகளின் பட்டியல் அங்கேதான் இருக்கிறது. அதைப் பார்த்துத்தான் விதைக்கிறார்கள், மருந்து சாப்பிடுகிறார்கள், பெண் கொடுக்கிறார்கள். நன்றாகவே இருக்கிறார்கள்.

ஒச்சம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. மாதாமாதம் குமுதவல்லியிடம் ஒன்றே ஒன்றைத்தான் கேட்பாள்.

“‘ஒப்புதல் தந்த குடிமக்கள்ல ஒருத்தருக்கும் கொறையே இல்ல’ன்னு அரமனைக்காரங்க இதழ்ல எழுதினாங்களே, அதத் திரும்ப வாங்கிட்டாங்களா தாயி?”

“இன்னும் இல்ல, ஒச்சம்மா.”

“சரி, அடுத்த மாசம் பாப்போம்” என்று மாடுகளை ஓட்டிக்கொண்டு போவாள்.