பாவாடைப் பெட்டி மேல் வந்த படம்

ஆரணி,
கார்த்திகை, 2008.

மதிப்புக்குரிய மாப்பிள்ளை ஜெயக்குமார் அவர்களுக்கு, உங்கள் மச்சான் தங்கவேலு வணக்கத்துடன் எழுதியது. இங்கே நானும் உண்ணாமலையும் மகன் கிரணும், முள்ளிப்பட்டில் நம் தறிகளும் சுகம். அங்கே நீங்கள் சரியாகச் சாப்பிடுவதில்லை, பேனாவால் படம் வரைவதையும் நிறுத்திவிட்டீர்கள் என்று தங்கச்சி ஸ்வர்ணலதா போனில் அழுதது. காரணம் நான்தானாம். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

மாப்பிள்ளை, நான் திருடனா? திருட்டு விசிடி என்றால் எனக்கு ஆகாது என்பது ஊருக்கே தெரியும். போன பொங்கலுக்குக் கிரண் ஒன்று வாங்கிவந்தான். பாதிப் படத்தில் பிடுங்கிக் குழவிக் கல்லால் உடைத்தேன். "வில்லன் செத்தானா இல்லியான்னு பாத்துட்டு உடைச்சிருக்கக் கூடாதா?" என்று கேட்ட உண்ணாமலை, அப்புறம் என்னோடு பேசவே இல்லை. கடைசியில் எல்லாரையும் வேலூருக்கு பஸ் ஏற்றி, டிக்கெட் வாங்கி, அதே படத்தைக் காட்டினேன். வில்லன் சாகவில்லை, கூட்டத்தில் என் செருப்புதான் போனது.

அப்பேர்ப்பட்ட நான் நீங்கள் வரைந்த படத்தை எடுத்தது வேறு விஷயம். அது இன்டர்நெட்டில் சும்மா கிடக்கிறது. வாராவாரம் அதுல உங்க பொண்ணு, நம்ம உதயா பூனையைத் துரத்துது, பல்லு விழுது, இந்த ஜூன்ல ரெண்டாங்கிளாஸ் போயிடுச்சி. காய்ச்சல்ல போன குழந்தை உங்க பேனாவுல வளந்துகினு இருக்குதேன்னு பிரவுசிங் சென்டர்ல உக்காந்து நானும் அழுதவன்தான். டிக்கெட் கிடையாது, பூட்டு கிடையாது, "எல்லாரும் படிக்கலாம்"னு நீங்களே போட்டிருக்கீங்க. பாவாடை கட்டிக்கினு நிக்கிற படம் அம்சமா இருந்துச்சி, நம்ம கடைப் பட்டுப் பாவாடைப் பெட்டி மேல அச்சடிச்சேன். "கல்யாண வீட்டுப் பந்தி எல்லாருக்கும் சும்மாதானே?"ன்னு தங்கச்சியைக் கேட்டேன். "சாப்பிடலாம் அண்ணா, அண்டாவைத் தூக்கிக்கினு போய் ஓட்டல் வைக்கலாமா?"ன்னுது. எங்கதான் கத்துக்கிச்சோ இந்தப் பேச்சை.

படத்துக்கு அடியில "எங்க உதயாவுக்கு, அப்பா"ன்னு நீங்க எழுதற வரியை எடுத்துட்டேனாம், அதுதான் பெரிய குத்தமாம். கடை அட்ரஸை வேற எங்க போடறது மாப்பிள்ளை? அதுவுமில்லாம காதுகுத்து, பொறந்தநாளுன்னு நல்ல காரியத்துக்குப் போற பெட்டி, அதுல போன குழந்தை பேரு எதுக்குன்னு நெனச்சேன். இதை வாய்விட்டு வேற சொல்லித் தொலைச்சேன். "நம்ம தறிப் புடவையைப் பட்டணத்துக் கடைக்காரன் வேற ஊர்ச் சீட்டு ஒட்டி விக்கிறான்னு ஜென்மம் பூரா கத்தினியே, எம் பொண்ணு பேரை நீ மட்டும் வெட்டலாமா?"ன்னு கேட்டுட்டுத் தங்கச்சி போனை வெச்சிடுச்சி. ஒரே பேஜாரா போச்சி. அதிலிருந்து எனக்கும் சோறு எறங்கல.

போகட்டும். என் மேல தப்பில்ல, ஆனாலும் மூத்தவன் கேக்கறேன், ஒரு வாய் சாப்பிடுங்க, பேனாவை எடுங்க. படவேட்டம்மா உங்க ரெண்டு பேரையும் கைவிடாம காப்பாத்தட்டும்.

இப்படிக்கு,
ஒரு குற்றமும் அறியாத
தங்கவேலு

பி.கு.: கவரை ஒட்டறதுக்குள்ள, தெள்ளார்ல காதுகுத்துக்குப் போன உண்ணாமலை ஒரு பாவாடைப் பெட்டியோட வந்தா. அந்த ஊர்க் கடைக்காரன் எவனோ நம்ம பெட்டியை அப்படியே காப்பி அடிச்சி, என் அட்ரஸை வெட்டிட்டு அவன் அட்ரஸைப் போட்டிருக்கான். திருட்டுப் பய! ஜல்தியா ஸ்டேஷனுக்கு ஓடினேன். எஸ்.ஐ. பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, "இந்தப் பாப்பா யாருய்யா? படம் போட்டது யாரு?"ன்னாரு. என்னோடதுன்னு சொல்ல வாயைத் திறந்தேன், வரல மாப்பிள்ளை. "எங்க உதயா சார். அவங்க அப்பா போட்டது"ன்னேன். "அப்ப அவரை வந்து புகார் குடுக்கச் சொல்லு"ன்னாரு. வாங்க மாப்பிள்ளை, வந்து குடுங்க. தெள்ளார்க்காரன் பேரு அப்புறம் இருக்கட்டும், மொதல்ல எம் பேரை எழுதுங்க.